பணியிட இடர் மேலாண்மை

பணியிட இடர் மேலாண்மை என்பது தொழிற்சாலை, சுரங்கம், கட்டுமானத் தளம், மருத்துவமனை, வயல் முதலிய பணியிடங்களில் மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கு விளைவிக்கக் கூடியவற்றை முன்கூட்டியே கண்டறிந்து, அவற்றால் ஏற்படும் இடரை மதிப்பிட்டு, முன்னுரிமைப்படி அதனைக் குறைத்து, குறைத்த நிலை நீடிக்கிறதா எனக் கண்காணிக்கும் முறை ஆகும். பாதுகாப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் பல நிறுவனங்களில் தனித்தனிப் பிரிவுகளாகவே தொடங்கின. ஒரே குழாய் உடைந்தால் அருகில் நிற்பவர் காயமடைவதும், அதே பொருளை நாள்தோறும் சுவாசிப்பவர் நோயுறுவதும், அப்பொருள் ஆற்றில் கலப்பதும் ஒரே மூலத்தின் மூன்று விளைவுகள் என்பதால், இம்மூன்றையும் ஒரே மதிப்பீட்டின் கீழ்க் கொண்டுவரும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது.

விபத்து நடந்த பின்னர் காரணம் தேடுவதும், சட்டத்தில் எழுதப்பட்ட விதியை மட்டும் நிறைவேற்றுவதும் பழைய முறை ஆகும். இடர் மேலாண்மை, இன்னும் நடக்காத விபத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதன் வலிமையும் அதன் மீதான பெரும்பாலான விமர்சனங்களும் இதிலிருந்தே பிறக்கின்றன.

தீங்கு மூலமும் இடரும்

பேச்சு வழக்கில் ஒன்றாகக் கருதப்படும் இவ்விரண்டும் இத்துறையில் வெவ்வேறானவை. தீங்கு விளைவிக்கும் ஆற்றல் உடைய பொருள், ஆற்றல் அல்லது நிலைமை தீங்கு மூலம் எனப்படும். மூடிய புட்டியில் உள்ள கந்தக அமிலம், உயரத்தில் கட்டப்பட்ட சாரம், சுழலும் பல்சக்கரம் ஆகியன தீங்கு மூலங்கள். அம்மூலத்தால் ஒருவருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பும், நேர்ந்தால் அதன் கடுமையும் சேர்ந்ததே இடர். அமிலம் பூட்டிய அறையில் இருக்கும்போது இடர் சிறியது. அதையே திறந்த வாளியில் ஊற்றி ஈரமான படிக்கட்டில் தூக்கிச் செல்லும்போது தீங்கு மூலம் மாறவில்லை, இடர் பன்மடங்காகிறது.

பாதுகாப்பு சார்ந்த இடர்கள் பெரும்பாலும் திடீரென வெளிப்படுபவை. உடல்நலம் சார்ந்தவை மெதுவானவை. கல் உடைக்கும் தொழிலாளர் சுவாசிக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தழும்பை உண்டாக்கி, பல ஆண்டுகளுக்குப் பின்னரே சிலிக்கோசிசு நோயாக வெளிப்படலாம். அதற்குள் அவர் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ சென்றிருப்பார். விபத்துப் பதிவேட்டில் அவர் பெயர் இடம்பெறாது. ஆகவே விபத்து எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பணியிடத்தை மதிப்பிடுவோர் உடல்நல இடர்களை ஏறக்குறைய முழுமையாகத் தவறவிடுவர்.

வரலாறு

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்தவர்களுள் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமசீனி முதன்மையானவர். தொழிலாளர் நோய்கள் பற்றிய அவரது நூல் 1700 இல் வெளிவந்தது. 1775 இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துப்புரவுத் தொழிலாளருக்கு வரும் விதைப்பைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என எழுதினார். ஆயினும் தனித்தனித் தொழில்களுக்குத் தனித்தனி விதிகள் என்ற வகையிலேயே சட்டங்கள் நீண்டகாலம் வளர்ந்தன.

பிரித்தானியாவில் 1949 இல் தேசிய நிலக்கரி வாரியத்துக்கு எதிராக எட்வர்ட்ஸ் என்பார் தொடுத்த வழக்கின் தீர்ப்பு ஒரு திருப்புமுனை ஆகும். நியாயமாக இயலும் அளவு பாதுகாப்பு என்பதன் பொருளை நீதிமன்றம் விளக்கியது. இடரை ஒரு தட்டிலும், அதைத் தவிர்க்கத் தேவையான பணம், நேரம், உழைப்பு ஆகியவற்றை மறு தட்டிலும் வைக்கவேண்டும்; செலவு இடரை விட மிகப் பெரிதாக இருந்தால் மட்டுமே முதலாளி விலக்குக் கோரலாம் என்பது அதன் கருத்து. இரண்டு தட்டும் சமமாக இருந்தால் போதாது என்பது கவனிக்கத்தக்கது. 1972 இல் வெளிவந்த ராபன்சு குழு அறிக்கையும், அதன் அடிப்படையில் 1974 இல் இயற்றப்பட்ட பணியிட உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டமும் இக்கொள்கையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தன.

அச்சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டு சூன் 1 இல் இங்கிலாந்தின் பிளிக்சுபரோவில் நைலான் மூலப்பொருள் தயாரித்த ஆலை வெடித்து 28 பேர் இறந்தனர். வரிசையாக இருந்த உலைகளில் ஐந்தாவதில் விரிசல் கண்டு அதை அகற்றியிருந்தனர். அந்த இடைவெளியை ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர்ந்தனர். அக்குழாய்க்கு முறையான பொறியியல் வடிவமைப்புக் கணக்கீடு செய்யப்படவில்லை. விபத்து நடந்தது சனிக்கிழமை. வார நாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடத்தில் இருந்தவர்களும் இறந்திருப்பர். மாற்றம் எத்துணைச் சிறிதாயினும் அதனைச் செய்யும் முன் மதிப்பிடவேண்டும் என்ற மாற்ற மேலாண்மை விதி இவ்விபத்தின் பின்னரே வேதித் தொழிலில் வேரூன்றியது.

செயல்முறை

இடர் மேலாண்மை தீங்கு மூலங்களை அடையாளம் காண்பதில் தொடங்குகிறது. இதற்குப் பணியிடத்தைச் சுற்றிப் பார்த்தல், தொழிலாளருடன் பேசுதல், பொருள்களின் பாதுகாப்புத் தரவுத்தாள்களைப் படித்தல், முந்தைய விபத்துகளையும் மயிரிழையில் தவறிய நிகழ்வுகளையும் ஆராய்தல் ஆகியன பயன்படுகின்றன. சிக்கலான ஆலைகளுக்கு நுட்பமான முறைகள் உள்ளன. அவற்றுள் ஹசாப் எனப்படும் முறை 1960களில் பிரித்தானிய வேதி நிறுவனமான ஐ.சி.ஐ. இல் உருவானது. ஆலையின் வரைபடத்தை ஒரு குழு முன்வைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் ஓட்டம் இல்லை, ஓட்டம் அதிகம், ஓட்டம் தலைகீழ், வெப்பம் அதிகம் போன்ற வழிகாட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, அவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பதே அதன் சாரம். சலிப்பூட்டும் வேலைதான். எனினும் வடிவமைப்பாளர் நினைத்தும் பாராத நிலைமைகளை வெளிக்கொணர்வதில் இதற்கு இணையான முறைகள் சிலவே. தவறு மரப் பகுப்பாய்வு 1962 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஏவுகணைத் திட்டம் ஒன்றுக்காக உருவாக்கப்பட்டது. இது இறுதி விபத்தில் தொடங்கிக் காரணங்களை நோக்கிப் பின்னோக்கிச் செல்கிறது.

அடுத்துள்ள மதிப்பீட்டில் வாய்ப்பும் கடுமையும் பெரும்பாலும் 1 முதல் 5 வரையான படிகளாகக் குறிக்கப்பட்டு, கட்டம் போட்ட அட்டவணையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிடப்படுகின்றன. பின்னர் கட்டுப்பாடுகள் தெரிவு செய்யப்படும். எஞ்சும் இடர் ஏற்கத்தக்கதா என முடிவெடுக்கப்படும். பணி, பொருள், ஆள், இயந்திரம் ஆகியவற்றுள் எது மாறினாலும் மதிப்பீடு மீண்டும் செய்யப்படவேண்டும்.

கட்டுப்பாட்டுப் படிநிலை

இடரைக் குறைக்கும் வழிகள் ஒரே தரத்தன அல்ல. தீங்கு மூலத்தை முற்றாக நீக்குவது முதல் தரம். தீங்கு குறைந்த ஒன்றால் பதிலீடு செய்வது இரண்டாவது. தடுப்பு, உறை, காற்றோட்டம் போன்ற பொறியியல் ஏற்பாடுகள் மூன்றாவது. பயிற்சி, அனுமதிச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை, பணி நேரக் குறைப்பு முதலிய நிருவாக ஏற்பாடுகள் நான்காவது. தலைக்கவசம், கையுறை, முகமூடி போன்ற தனியாள் காப்புச் சாதனங்கள் கடைசி. கீழே செல்லச் செல்ல, பாதுகாப்பு இயந்திரத்தை விட்டுத் தொழிலாளரின் கவனத்தைச் சார்ந்ததாக ஆகிறது. நடைமுறையில் பல நிறுவனங்கள் இப்படிநிலையைத் தலைகீழாகப் பயன்படுத்துகின்றன. கையுறை வாங்குவது எளிது, செய்முறையை மாற்றுவது கடினம் என்பதே அதற்குக் காரணம்.

பதிலீட்டுக்குத் தீப்பெட்டித் தொழில் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சியின் முனையில் வெண் பாசுபரசு பயன்படுத்தப்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகி உருக்குலைந்தது. 1888 இல் இலண்டன் பிரையண்ட் அண்டு மே ஆலையின் பெண் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இந்நோயையும் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. காற்றோட்டமும் பல் பரிசோதனையும் போதுமெனச் சிலர் வாதிட்டனர். இறுதியில் 1906 ஆம் ஆண்டு பெர்ன் மாநாட்டு உடன்படிக்கை வெண் பாசுபரசுத் தீக்குச்சிகளைத் தடை செய்தது. தீங்கு குறைந்த பாசுபரசு சேர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. நோயும் அத்தொழிலை விட்டு அகன்றது. எந்த முகமூடியாலும் இது கூடியிருக்காது.

மூலத்தை நீக்க இயலாத தொழில்களும் உள்ளன. சிவகாசிப் பகுதியின் பட்டாசுத் தொழிலில் வெடிக்கும் கலவையே விற்பனைப் பொருள். அங்கே இடரைக் குறைக்கும் வழி, ஒரு விபத்து அடுத்த அறைக்குப் பரவாமல் தடுப்பதே. கலவையைச் சிறு அளவில் வைத்தல், அறைகளை இடைவெளி விட்டுக் கட்டுதல், ஓர் அறையில் இருப்போர் எண்ணிக்கையை வரம்பிடுதல், தீப்பொறி எழுப்பாத கருவிகளைப் பயன்படுத்துதல் ஆகிய விதிகள் இந்நோக்கில் அமைந்தவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். முதல் தீயின்போது உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் சென்றோர் பலரும் அவர்களுள் அடங்குவர். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் உற்பத்தி நெருக்கடி கூடும்போது எண்ணிக்கை வரம்பும் அளவு வரம்பும் முதலில் மீறப்படுகின்றன என்பது இத்தொழிலில் மீண்டும் மீண்டும் காணப்படுவது.

எடுத்துக்காட்டு: கழிவுநீர்த் தொட்டியில் இறங்குதல்

இடர் மேலாண்மையின் எல்லாப் படிகளையும் விளக்குவதற்கு ஏற்ற பணி இது. மூடிய கழிவுநீர்த் தொட்டியில் கரிமப் பொருள் அழுகும்போது ஐதரசன் சல்பைடு, மெத்தேன், காபனீரொட்சைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. ஐதரசன் சல்பைடு காற்றை விடச் சற்றுக் கனமானது. ஆகவே தாழ்வான இடங்களில் தங்கும். குறைந்த செறிவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மில்லியனுக்கு 100 பங்கு அளவை நெருங்கும்போது மூக்கு அந்நாற்றத்தை உணரும் திறனை இழக்கிறது. நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் உண்மையில் மிக ஆபத்தான செறிவுக்குள் இறங்குகிறார். வெளிக்காற்றில் 20.9 விழுக்காடாக உள்ள ஒட்சிசன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் அது ஒட்சிசன் குறைபாடுடைய சூழலாகக் கருதப்படுகிறது. எரியும் தீக்குச்சியை உள்ளே போட்டுப் பார்க்கும் வழக்கம் ஐதரசன் சல்பைடைக் காட்டாது. மெத்தேன் இருந்தால் அதுவே வெடிப்பை உண்டாக்கும்.

இப்பணியில் கூடுதல் கொடுமை ஒன்று உண்டு. முதலாமவர் மயங்கியதும் அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1986 இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இட இறப்புகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மீட்கச் சென்றவர்களே எனக் குறிப்பிட்டது. எனவே மீட்பு ஏற்பாடு இல்லாமல் பணியைத் தொடங்குவதே ஒரு தீங்கு மூலமாகக் கொள்ளப்படுகிறது.

படிநிலையை இங்கே பொருத்தினால் முதல் விடை முகமூடி அன்று. ஆள் இறங்கவேண்டிய தேவையையே நீக்குவதுதான். உறிஞ்சு வண்டி, உயர் அழுத்த நீர்ப்பீச்சு, கேரளத்தில் உருவான பாண்டிகூட் போன்ற எந்திரன்கள் இவ்வகையின. வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட்டியைத் திறந்து விசையுடன் காற்றேற்றி, பல மட்டங்களில் வாயுமானியால் அளந்து, எழுத்து அனுமதி பெற்று, உடற்பட்டையும் முக்காலியும் பொருத்தி, மேலே ஓர் ஆள் இடைவிடாது கவனிக்க, காற்றுக் கொடுக்கும் சுவாசக் கருவியுடன் இறங்கவேண்டும். சாதாரணத் துணி முகமூடியும் தூசி வடிகட்டியும் இங்கே பயனற்றவை.

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்க் குழாய்களையும் மலத்தொட்டிகளையும் காப்புச் சாதனமின்றி ஆள் இறங்கித் துப்புரவு செய்யும் ஆபத்தான பணியைத் தடை செய்தது. 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014 இல் ஆணையிட்டது. அத்தொகை 2023 அக்டோபரில் முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆயினும் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இறப்புகள் தொடர்ந்துள்ளன. இறப்போர் பெரும்பாலும் குறிப்பிட்ட சாதிகளைச் சேர்ந்த தினக்கூலிகள். பணி தருபவர் ஒரு வீட்டு உரிமையாளராகவோ சிறு ஒப்பந்ததாரராகவோ இருப்பதால், இடரை மதிப்பிடும் கடமை எவருக்கு என்பதே பல வேளைகளில் தெளிவில்லாமல் போகிறது.

தடுப்பு அடுக்குகளும் போபால் பேரழிவும்

எந்த ஒரு தடுப்பும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று என்பதால், ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் வகையில் பல அடுக்குகள் அமைக்கப்படுகின்றன. பிரித்தானிய உளவியலாளர் சேம்சு ரீசன் 1990களில் இதனைத் துளையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளுக்கு ஒப்பிட்டு விளக்கினார். துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையும்போது விபத்து ஊடுருவுகிறது.

1984 திசம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவையொட்டி போபால் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் மெத்தில் ஐசோசயனேற்றுத் தொட்டி ஒன்றில் நீர் கலந்து கடும் வேதிவினை ஏற்பட்டது. ஏறக்குறைய 40 தொன் வாயு வெளியேறியது. அத்தொட்டியைக் குளிரூட்டும் அமைப்பு சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் இத்துணைப் பெரிய வெளியேற்றத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் இணைப்புக் குழாய் பராமரிப்புக்காக அகற்றப்பட்டிருந்தது. நீர்த்திரை வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்திய இறப்பு எண்ணிக்கை 3,787 ஆகும். பிற மதிப்பீடுகள் அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஏட்டில் இருந்த நான்கு தடுப்புகளும் அவ்விரவில் பயன்படவில்லை. அவை ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே தவறவும் இல்லை. ஆலை நட்டத்தில் இயங்கியதால் செய்யப்பட்ட செலவுக் குறைப்பு பலவற்றையும் ஒருங்கே நலிவடையச் செய்தது. தடுப்பு அடுக்குகளின் நிகழ்தகவுகளை ஒன்றோடொன்று பெருக்கி மிகச் சிறிய எண்ணைக் காட்டும் கணக்குகள் இத்தகைய பொதுக் காரணத்தைத் தவறவிடுகின்றன. இன்னோர் அடிப்படையான கேள்வியும் உண்டு. மெத்தில் ஐசோசயனேற்று விற்பனைப் பொருள் அன்று, இடைநிலைப் பொருள் மட்டுமே. அதை அவ்வளவு பெரிய அளவில் சேமிக்கவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. சேமிக்காத பொருள் கசியவும் முடியாது என்ற உள்ளார்ந்த பாதுகாப்புக் கருத்தை ஐ.சி.ஐ. பொறியாளர் திரெவர் கிளெட்சு 1970களிலேயே வலியுறுத்தியிருந்தார்.

சுற்றுச்சூழல் இடர்

சுற்றுச்சூழல் இடரை மதிப்பிடுகையில் ஆலையின் மதில் எல்லையாகாது. மூலம், அது செல்லும் பாதை, அதை ஏற்கும் உயிர் அல்லது இடம் ஆகிய மூன்றும் சேர்த்து ஆராயப்படுகின்றன. 1976 சூலை 10 இல் இத்தாலியின் செவெசோ அருகே ஓர் ஆலையிலிருந்து டையாக்சின் கலந்த முகில் வெளியேறியது. உடனடி மனித இறப்பு எதுவும் இல்லை. ஆயினும் நிலம் நஞ்சாகி மக்கள் வெளியேற்றப்பட்டனர், பல குழந்தைகளுக்குத் தோல்நோய் கண்டது. அதன் விளைவாக 1982 இல் பிறந்த ஐரோப்பிய நெறிமுறை, சுற்றுவட்டார மக்களுக்கு இடர்பற்றித் தெரிவிக்கும் கடமையை ஆலைகள் மீது சுமத்தியது.

கொடைக்கானலில் 1983 இல் தொடங்கிய பாதரச வெப்பமானி ஆலை 2001 இல் மூடப்பட்டது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிப்பட்டதே அதற்கு வழிவகுத்தது. ஆலையை நடத்திய இந்துத்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் இடையே 2016 இல் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்ற சர்ச்சை அதன் பின்னும் நீடித்தது. உள்ளே சுவாசிக்கும் ஆவி, வெளியே சோலைக்காட்டு மண், ஊருக்குள் சென்ற கழிவு ஆகிய மூன்றும் ஒரே பாதரசமே.

சட்டங்களும் தரங்களும்

ஐரோப்பாவில் 1989 ஆம் ஆண்டுக் கட்டமைப்பு நெறிமுறை, இடர் மதிப்பீட்டை எல்லா முதலாளிகளின் கடமையாக்கியது. சிங்கப்பூரில் 2004 இல் நிக்கல் நெடுஞ்சாலைச் சுரங்கப் பணி இடிந்து நால்வர் இறந்ததும், அதே ஆண்டின் வேறு பெரு விபத்துகளும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. அதன் கீழான இடர் மேலாண்மை விதிகள், மதிப்பீட்டை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறு ஆய்வு செய்யக் கோருகின்றன. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சென்ற கட்டுமானத் தொழிலாளர் மிகுந்த அந்நாட்டில், மதிப்பீடு தொழிலாளருக்குப் புரியும் மொழியில் சென்றடைகிறதா என்பது முக்கியமானது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அடிப்படையாக இருந்துவந்துள்ளது. இந்தியாவில் போபாலுக்குப் பின் 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987 இல் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு அபாயகரமான செய்முறைகள் பற்றிய திருத்தமும் வந்தன. 2020 இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

தன்விருப்பத் தரங்களுள் இடர் மேலாண்மைக்கான ஐ.எசு.ஓ. 31000, சுற்றுச்சூழலுக்கான ஐ.எசு.ஓ. 14001, பணியிடப் பாதுகாப்புக்காக 2018 இல் வெளிவந்த ஐ.எசு.ஓ. 45001 ஆகியன குறிப்பிடத்தக்கவை. சான்றிதழ் பெறுவது மேலாண்மை முறை இருப்பதைக் காட்டும், ஆலை பாதுகாப்பானது என்பதை அன்று.

விமர்சனங்கள்

நிறமிட்ட இடர் அட்டவணை பற்றிய கணித விமர்சனங்கள் பல. அமெரிக்க ஆய்வாளர் டோனி காக்சு 2008 இல், சில சூழல்களில் இவ்வட்டவணை சிறிய இடரைப் பெரிய இடருக்கு மேலாகத் தரப்படுத்தக்கூடும் எனக் காட்டினார். அரிதாக நடந்து பலரைக் கொல்லும் விபத்தும், அடிக்கடி நடந்து விரலைக் கீறும் விபத்தும் ஒரே மதிப்பெண் பெற்று ஒரே மஞ்சள் கட்டத்தில் அமரக்கூடும்.

அளவீடு பற்றிய விமர்சனம் இன்னும் கடுமையானது. 2005 மார்ச்சு 23 இல் டெக்சாசு நகர பி.பி. சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தனர். வழுக்கி விழுதல், வெட்டுக்காயம் போன்ற தனியாள் காயங்களின் விகிதத்தை வைத்துச் செய்முறைப் பாதுகாப்பை அளந்தது தவறு என அதன் பின் அமைந்த பேக்கர் குழு 2007 இல் கூறியது. 2010 ஏப்ரல் 20 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஒரைசன் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்த அன்று, ஏழு ஆண்டுகள் நாள் இழப்புக் காயமின்றிப் பணியாற்றியதைப் பாராட்ட நிறுவன அதிகாரிகள் அம்மேடைக்கு வந்திருந்தனர்.

ஏற்கத்தக்க இடர் எவ்வளவு என்பதை எவர் முடிவு செய்வது என்பது இன்னொரு சர்ச்சை. பிரித்தானிய உடல்நல, பாதுகாப்பு நிருவாகம், தொழிலாளருக்கு ஆண்டுக்கு 1,000 இல் 1 என்ற இறப்பு வாய்ப்பையும், ஆலையைச் சூழ்ந்து வாழும் பொதுமக்களுக்கு 10,000 இல் 1 என்பதையும் பொறுத்துக்கொள்ளக்கூடிய மேல்வரம்பாகக் கொள்கிறது. தொழிலாளர் ஊதியம் பெற்று, தெரிந்தே இடரை ஏற்கிறார் என்பது இவ்வேறுபாட்டுக்குத் தரப்படும் நியாயம். வேறு வேலை கிடைக்காதவர் ஏற்பதைத் தெரிவு எனலாமா என்பது தொழிற்சங்கங்களின் கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த பணியிடங்களில் மதிப்பீட்டுத் தாளில் கையொப்பமிடுபவரும் அத்தாளில் உள்ள இடருக்குள் இறங்குபவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில்கூட இருப்பதில்லை.